சடையன் போட்ட கோடு

கதிர்வீச்சுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களை ஏற்காட்டுக்கு இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டி வந்திருக்கிறார்களாம். வந்து பேசுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். முழங்கால் ஒத்துழைத்தால் மேடையேறிப் பேசுகிறேன், இல்லையென்றால் யாராவது படித்துக் காட்டட்டும் என்று எழுதியே வைத்துவிட்டேன். ஏரியில் படகு விட்டிருப்பீர்கள், மிளகாய் பஜ்ஜி தின்றிருப்பீர்கள், உதட்டைக் குவித்துக்கொண்டு செல்ஃபி எடுத்திருப்பீர்கள். சந்தோஷம். போகிற வழியில் காப்பித் தோட்டங்களுக்குள் உயரமாக நிற்கிற சில்வர் ஓக் மரங்களையும் ஒரு தரம் பாருங்கள். சில மரங்களின் இடுப்பில் பெயின்ட்டால் கோடு போட்டிருக்கும். எதை வெட்டுவது, எதன் கிளையைக் கழிப்பது, எதை விட்டுவைப்பது என்பதற்கான அடையாளம் அது. நீங்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள். எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால் நெஞ்சுக்குள் என்னவோ செய்யும்.

நான் நம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே மாலை வாங்கி வீட்டுக்கு வந்தவள். அடையாள அட்டையில் டெக்னாலஜிஸ்ட் என்று இருக்கும். ஒரு நோயாளிகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் என்றால் அவர்களுக்கு சிஸ்டர்தான். கதிர்வீச்சு என்றும் சொல்ல மாட்டார்கள். ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். முதல் ஒரு வருஷம் திருத்திப் பார்த்தேன். பிறகு நானே, “உங்களுக்கு இன்னைக்குக் கரண்டு வெச்சாச்சா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

மெஷினைப் பற்றி இதில் ஒன்றும் எழுதப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இப்போது ஊசி முனையளவு பச்சை குத்திவிடுகிறீர்கள், ஜென்மத்துக்கும் அழியாது. எங்கள் காலத்தில் ஊதா மையைக் குச்சியில் தொட்டு உடம்பில் கோடு போடுவோம். எந்த இடத்தில் கரண்டு பட வேண்டுமோ அந்த இடத்துக்கு அதுதான் வேலி. ஐந்து வாரமோ ஆறு வாரமோ, தினமும் அந்தக் கோட்டை வைத்துத்தான் ஆளைச் சரியாகப் படுக்க வைப்போம். அது அழிந்தால் முதலிலிருந்து அளக்க வேண்டும். அதனால் அந்த இடத்தில் சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, தண்ணீரே கூடாது. கழுத்துக்குக் கீழே ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு காலத்தை ஓட்டச் சொல்வோம்.

இந்தக் கோட்டுக்குக் காவல்காரர் எங்கள் சீனியர். பெயர் வேண்டாம். தொழிலில் அவரை மிஞ்ச ஆளில்லை. மேஜையில் படுத்த நோயாளி மூச்சை இழுத்துப் பிடித்தால்கூட, “என்னம்மா பயம்? விடு மூச்சை” என்று அடுத்த அறையிலிருந்து சொல்வார். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா! ஒரு தரம் ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர், அரிப்புத் தாங்கவில்லை என்று கோட்டைத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார். “ஊரெல்லாம் லத்தியால அடிச்சீங்களே, ஒரு கோட்டைக் காப்பாத்தத் துப்பில்லையா?” என்று வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் அட்டென்ஷனில் நின்றார். நாங்கள் உள்ளே வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு என்ன பலன் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. வெளியே வரிசையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. கோடு அழிந்தால் தொலைந்தோம் என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வரிசையில்தான் காவேரியும் அவள் புருஷன் சடையனும் இருந்தார்கள். இரண்டும் நான் வைத்த பெயர்கள். இந்த மலைக்காரர்கள், மஞ்சக்குட்டை கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் சாமைக் காடும் நாலு வரிசை காப்பிச் செடியும் உண்டு. மீதி நாளில் சடையன் பக்கத்து எஸ்டேட்டில் மரத்துக்கு மார்க் போடும் வேலை செய்தார். எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் கையைக் காட்டி இன்ன மரம் என்றால் போதும், மரத்தைச் சுற்றி ஒரே இழுப்பில் கோடு போட்டுவிடுவாராம். காவேரிக்கு இடது மார்பில் கட்டி. ஆபரேஷன் செய்து மார்பை எடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் ஐந்து வாரம் கரண்டு வைக்க வந்திருந்தார்கள். நானும் சேலத்துக்காரி என்று தெரிந்ததும் இருவருக்கும் ஒரே சந்தோஷம். “நம்மூரு சிஸ்டருங்க” என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினார்கள்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நடுவில் பொங்கல் வந்தது. மெஷினுக்கு லீவு. நோயாளிகள் ஊருக்குப் போனார்கள். லீவு முடிந்து முதல் நாள் காவேரி வந்து மேஜையில் படுத்தாள். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டாள், அதுதான் வைத்தியத்துக்கான நிலை. நான் விளக்கைப் போட்டேன். சீனியர் அளவுகோலோடு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

“இது நம்ம கோடு இல்லையே” என்றார். “நம்ம கோடு இவ்வளவு அழகா இருக்காது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அளந்து பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கோடு ஆடாமல் அசையாமல் நேராக இருந்தது, இருக்க வேண்டிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட இரண்டு விரல் தள்ளி. யார் போட்டது என்று கேட்டோம். காவேரி கண்ணை மூடிக்கொண்டாள். சீனியர் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, “எங்க ஊட்டுக்காரருங்க” என்றாள்.

விஷயம் இதுதான். அவளை நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டபடி அவர் கோடு போட்டிருக்கிறார். படுத்துக் கையைத் தூக்கும்போது தோல் மேலே இழுபடும், கோடும் கூடவே போகும். இது நமக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க நிற்கிற மரத்துக்கு மார்க் போட்ட மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

சீனியர் சரியான இடத்தில் சரியான காரியத்தைச் செய்தார். மெஷினைப் போட விடவில்லை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அந்தக் கோட்டை முழுக்கத் துடைத்தெடுத்தார். மறுநாள் காலையில் புதிதாக அளந்து போட்டுக்கொள்ளலாம், ஒரு நாள்தான் போகும் என்று காவேரியிடம் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

“சடையன் யாருய்யா?”

சடையன் எழுந்து நின்றார்.

“உன் தோட்டத்து மரம்னு நெனச்சியா? பொண்டாட்டியக் கொல்லப் பாத்தியே! இந்தக் கையக் கொண்டுபோய் எங்கயாவது வெட்டிப் போடு.”

சடையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட வேண்டிய நேரம் ஆகியிருந்தது. கூப்பிட்டேன்.

மறுநாள் காவேரி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தங்கியிருந்த விடுதியில் விசாரித்தால், அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கள் டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். பாதியில் விட்டால் மிச்சமிருக்கிற செல்லெல்லாம் தலையெடுக்கும், வைத்ததும் வீணாகும், நாளாக ஆக மோசம் என்றார். கைப்பேசி அப்போதெல்லாம் அந்த மலையில் எடுக்காது. சீனியர் இரண்டு நாளாகச் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து திறந்து மூடினார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

“நீ சேலத்துப் பொண்ணுதானே? போய்க் கூட்டிட்டு வந்துரு.”

“நீங்களே வந்தா நல்லா இருக்கும் சார்.”

“என் மூஞ்சியப் பார்த்தா அந்தாளு மலைக்கு அந்தப் பக்கம் எறங்கி ஓடிருவான். நீ போ.”

போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வர ஏற்காடு போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஷேர் ஜீப்பில் நசுங்கி மஞ்சக்குட்டையில் இறங்கினேன். காப்பிப் பழம் பறிக்கிற காலம். வீட்டு வாசலில் பழத்தைக் காயப் போட்டு, வலது கையால் மட்டும் கிளறிக்கொண்டிருந்தாள் காவேரி. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கிளறும் பலகையைப் போட்டுவிட்டாள்.

“ஏனுங்க சிஸ்டர், நீங்களா? இத்தன தூரம் எதுக்குங்க வந்தீங்க?”

“உங்களக் கூட்டிட்டுப் போகத்தானுங்க. பாதியில உட்டுட்டு வந்துட்டீங்களே, உசுரு வெளயாட்டாப் போச்சா?”

எங்கள் பக்கம் வந்துவிட்டால் என் நாக்கும் தானாக மாறிவிடும். உட்கார வைத்து வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். இதை அவள் வார்த்தையிலேயே தருகிறேன், ஏனென்றால் இத்தனை வருஷமாக அது என் காதில் அப்படியேதான் இருக்கிறது.

“பொங்கலுக்கு வந்தமுங்களா, மாரமங்கலத்துல எங்க சின்ன மாமியா தவறிட்டாங்க. எழவுக்குப் போயிட்டு வந்தா தலைக்கு ஊத்தாம ஊட்டுக்குள்ள கால வெக்க முடியுமுங்களா? பாலித்தீன் பையெல்லாம் சுத்திக் கட்டிக்கிட்டுத்தான் ஊத்துனேன். உள்ள ஈரம் போயிருச்சு. தொடச்சா துண்டு பூராம் ஊதா. ஒரு மூலையில மட்டுந்தான் தடம் நிக்குது. கோடு அழிஞ்சா வெச்ச கரண்டெல்லாம் வீணுன்னு வரிசையில ஒரு அம்மா சொல்லியிருந்துதுங்க. உங்க பெரியவரு வாய வேற நெனச்சுக்கிட்டேன். அழுகாச்சியா வந்துருச்சு. இவருகிட்டச் சொன்னேன்.”

“திட்டுனாருங்களா?”

“இல்லீங்க. மாட்டுப் புண்ணுக்குப் போடற ஊதா மருந்தயும் ஈக்குமாத்துக் குச்சியயும் எடுத்துக்கிட்டு வந்தாரு. செவுத்தோரம் நில்லுன்னாரு.” பக்கத்தில் கிடந்த காப்பிப் பழத்தைக் கையால் பரப்பிவிட்டாள். “ஆபரேசனுக்கப்பறம் அவரு அந்தப் பக்கம் பாத்ததே இல்லீங்க சிஸ்டர். நான் சீல மாத்துனா வெளிய போயிருவாரு. அருவருப்பெல்லாம் இல்லீங்க, பயம். அன்னைக்குத்தான் பாத்தாரு. எங்கெங்க இருந்துச்சுன்னு நான் கையக் காட்டக் காட்ட, நடுங்காமப் போட்டாரு. போட்டு முடிச்சு, ஒழுகிறப் போகுதுன்னு ஊதி ஊதிக் காய வெச்சாருங்க. அப்பத்தான் எனக்கு, நான் இன்னும் இவரு பொண்டாட்டிதான்னு தோணுச்சு.”

காப்பி சூடு என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என்னோடு வருவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. கிளம்பவும் தயார். ஆனால் ஒரு நிபந்தனை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து சடையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. என் கையாலயே உன்னக் கெடுத்துட்டேன் என்கிறார். பெயின்ட் குச்சியை எடுத்தால் கை ஆடுகிறதாம். இவரை இப்படி விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள்.

“அவரு போட்ட கோட்டுல ஒரு நாளு கூடக் கரண்டு வெக்கலீங்க. அதுக்கு முன்னாலயே கண்டுபுடிச்சுத் தொடச்சாச்சு. அதனால ஒண்ணுமே கெடலை. அதச் சொல்லிருங்க, போதும்” என்றேன்.

“அதச் சொன்னா, அப்ப நான் போட்டது தப்புத்தானேம்பாரு. மறுக்கா என்னத் தொட மாட்டாரு, பாக்க மாட்டாரு. எனக்குத் தெரியுமுங்க அவர.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோடு சரியா இருந்துச்சு, அதுலதான் வெச்சோமுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சிஸ்டர். உங்க வாயால சொன்னா நம்புவாரு. நான் இன்னைக்கே கெளம்பறேன்.”

பிள்ளைகளே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. கரண்டு வைக்காமல் போகிற ஒவ்வொரு நாளும் அவள் உடம்புக்குள் நோயின் கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. ஜீப் சாயங்காலம்வரைதான். கேட்பதற்கு டாக்டரும் இல்லை, சீனியரும் இல்லை. உண்மையைச் சொன்னால் அவள் வருவாளா என்று தெரியாது. பொய்யைச் சொன்னால் வருவாள். நான் எழுந்து எஸ்டேட்டுக்குள் நடந்தேன்.

சடையன் ஒரு மரத்தடியில் பெயின்ட் டப்பாவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, மறுபடியும் அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

“ஏனுங்ணா, உங்க கோடு சரியாத்தானுங்க இருந்துச்சு” என்றேன்.

அவர் நம்பவில்லை. “அப்பறம் அந்தப் பெரியவரு எதுக்குங்க அப்புடித் திட்டுனாரு?”

“எங்களக் கேக்காமப் போட்டீங்கல்ல, அதுக்கு.”

“கோட்ட அழிச்சுப்போட்டீங்களே?”

“மாட்டு மருந்து தோலுக்கு ஆகாதுங்ணா. அன்னைக்குக் கரண்டு வெச்சுட்டுத்தான் அழிச்சோம். இனிப் போடற கோடும் அத அளந்து வெச்சுத்தான் போடப் போறோம்.”

ஒரு பொய் சொல்லப் போனால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னும் இரண்டு பொய் வேண்டியிருக்கிறது. எவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

“ஒரு நூலு கூடத் தள்ளலீங்களா?” என்றார்.

“ஒரு நூலு கூட இல்லீங்ணா.”

சடையன் சிரித்தார். அந்தக் கையை முன்னால் கொண்டுவந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கே மூன்று பேரும் மலையிறங்கினோம்.

காவேரிக்கு வைத்தியம் முழுசாக முடிந்தது. இடைவெளிக்கு ஈடாக டாக்டரம்மா கூடுதலாகச் சில நாள் சேர்த்தார். கடைசி நாளன்று சடையன் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து, சீனியருக்கும் சேர்த்துக் கொடுத்தார். சீனியர் வாங்கிக்கொண்டு, “புளிக்குமா?” என்று கேட்டார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் திட்டுவதை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். விடவில்லை, குறைத்தார். ஆனால் காவேரி ஏன் தலைக்கு ஊற்றினாள் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். லீவுக்கு ஊர் போகும் ஒவ்வொருவரிடமும், “வீட்ல யாராவது படுத்த படுக்கையா இருக்காங்களா? எழவு விழுந்தா தலைக்கு ஊத்து. கோடு போனா போகட்டும், நேரா என்கிட்ட வா, நான் திட்ட மாட்டேன்” என்று சொல்லியனுப்புவார். கூட வந்தவர்களையும் பக்கத்தில் நிறுத்திச் சொல்வார். நீங்களும் சொல்லுங்கள். பச்சை குத்தினால் கோடு அழியாது, சரி. ஆனால் அழியக்கூடியது இன்னும் எத்தனையோ இருக்கிறது. அதையெல்லாம் உங்களுக்குப் பயந்துகொண்டு மறைப்பார்கள்.

செக்கப்புக்கு வரும்போதெல்லாம் சடையனும் வருவார். வரிசையில் புதிதாக உட்கார்ந்திருப்பவர்களிடம், “என்ற ஊட்டுக்காரிக்கு நான் போட்ட கோட்டுலதானுங்க கரண்டு வெச்சாங்க, பெரிய பெரிய டாக்டரே ஒத்துக்கிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டிருப்பார். காவேரி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அவள் முகத்தில் ஒரு பொலிவு வந்திருந்தது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான், மறைப்பானேன்?

ஒரு நாள் சீனியர் அதைக் கேட்டுவிட்டார். திருத்தப் போனவரை நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

“என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தே நீ?”

சொன்னேன்.

“நல்லா இருக்கற வரைக்கும் இது இனிக்கும். திரும்ப வந்துச்சுன்னா என்ன பண்ணுவே? அந்தாளு யாரைக் கேப்பான்? நம்மளையா? தன் கையத்தான் கேப்பான்.”

“அப்படியெல்லாம் வராது சார்” என்றேன்.

“உனக்கு யார் சொன்னா?” என்று கேட்டுவிட்டு அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாயாடி மனுஷர் ஒன்று சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளத் தோன்றுவதில்லை. ரிட்டயராகிப் போகும் நாளில்கூட, “அந்த மலைக்காரங்க வந்தாங்கன்னா பார்த்துச் சொல்லிரு” என்றார். பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் அவள் ஆரோக்கியமாக வந்து நிற்கும்போது, அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, எந்த வாயால் அதைச் சொல்வது? அடுத்த தடவை, அடுத்த தடவை என்று போனது. பிறகு நானும் ஓய்வு பெற்றுச் சேலத்துக்கு வந்துவிட்டேன்.

கொஞ்ச காலம் முன்பு நம் ஆஸ்பத்திரி இந்த மலையில் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தியது. செம்மநத்தத்தில். உள்ளூர்ப் பேச்சுப் பேசத் தெரிந்தவள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெண்களை உட்கார வைத்து, பயப்படாதீங்க கண்ணு, ஒண்ணும் பண்ண மாட்டாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வாசலில் ஒருவர் வந்து நின்றார். மெலிந்து, தாடி வைத்து, அடையாளமே தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற விதத்தில்தான் தெரிந்தது.

“சிஸ்டருங்களா? நல்லா இருக்கறீங்களா?”

“சடையண்ணா! காவேரி எங்கீங்க, வரலையா?”

“அவ போயிட்டாளுங்க. வருசந்திரும்பப் போகுது.”

முகாமுக்குப் பின்னால் ஒரு கல்லில் இருவரும் உட்கார்ந்தோம். நோய் திரும்ப வந்ததாம், முதுகெலும்பில். நம் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போயிருக்கிறார். நான் இல்லாத நேரம். முடிந்ததைச் செய்திருக்கிறார்கள். வலி இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னார். அதுவரை நிதானமாகத்தான் பேசினார்.

“ஒரு நூலு தள்ளித்தான் போயிருக்கோணும் போலீங்க” என்றார் திடீரென்று.

“எது?”

“கோடு. நீங்க என்ற மனசு நோகக்கூடாதுன்னு சரியா இருக்குதுன்னு சொல்லிட்டீங்க. ஒரு நூலு தள்ளியிருக்கும். அந்தச் சந்துல மிச்சம் நின்னு போச்சு. அதான் மறுக்கா வந்துருச்சு.”

அடக் கடவுளே! சீனியரின் குரல் என் காதுக்குள் கேட்டது. முதுகெலும்பில் வந்ததற்கும் மார்பில் போட்ட கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“டாக்டரும் அப்புடித்தானுங்க சொன்னாரு. நல்ல மனுசங்க, தேத்தறதுக்குச் சொல்லுவாங்க.”

எங்கள் ஆறுதல் வார்த்தை ஒன்றையும் அவர் இனி நம்பத் தயாராயில்லை. நான் அன்றைக்கு எஸ்டேட்டில் விதைத்தது இது. காவேரியும் இல்லை, காப்பாற்ற வேண்டிய வைத்தியமும் இல்லை. இன்னும் எதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பது?

“சடையண்ணா, நான் சொல்றதக் கேளுங்க. நீங்க போட்ட கோட்டுல ஒரு நாளு கூடக் கரண்டு வெக்கலை. அது ரெண்டு வெரலு தள்ளியிருந்துச்சு. வெக்கறதுக்கு முன்னாலயே கண்டுபுடிச்சுத் தொடச்சுட்டோம். அப்பறம் போட்டது பூராம் எங்க கோடு. உங்க கையால ஒண்ணுமே கெடலை. அன்னைக்கு நான் சொன்னதுதான் பொய். காவேரி கேட்டுக்கிட்டா, சொன்னேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாரம் இறங்கிய முகத்தை எதிர்பார்த்தேன். அந்த முகம் வரவில்லை. உள்ளே என்னவோ பார்த்துப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர் மாதிரி இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நான் அவளுக்கு ஒண்ணுமே பண்ணலீங்களா, சிஸ்டர்?”

இத்தனை வருஷம் அந்தக் கோடு ஒன்றுதான் அவர் தன் பெண்டாட்டிக்குச் செய்ததாக வைத்திருந்தது. பெருமையென்றாலும் அதுதான், பழியென்றாலும் அதுதான். பழியைப் பிடுங்குகிறேன் என்று நான் இரண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் சொன்னேன், அன்றைக்கு வீட்டு வாசலில் காவேரி எனக்குச் சொன்னதை. நீங்கள் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை என்றாள். அன்றைக்குத்தான் பார்த்தீர்கள் என்றாள். நடுங்காமல் கோடு போட்டீர்கள், ஊதி ஊதிக் காய வைத்தீர்கள் என்றாள். அப்போதுதான் நான் இன்னும் இவர் பொண்டாட்டிதான் என்று தோன்றியது என்றாள். அதைக் கெடுக்கக் கூடாது என்றுதான் பொய் சொல்லச் சொன்னாள்.

சடையன் கையை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முகாமில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“அவளே சொன்னாளுங்களா?”

“அவளேதானுங்க சொன்னா.”

“எப்புடிச் சொன்னா? இன்னொருக்காச் சொல்லுங்க சிஸ்டர்.”

சொன்னேன். அவர் கேட்கக் கேட்க, மஞ்சக்குட்டைக்குப் போகும் ஜீப் வரும்வரை, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.